டிராக்டரின் சக்தி விரயமும் கிளச்சின் பராமரிப்பும்

டிராக்டர் வாங்க முற்படும் மிராசுதார் முதலில் வினவுவது அதன் குதிரைச் சக்தியையே. ஆனால் எஞ்சினில் பிறக்கும் சக்தி முழுவதும் கலப்பையை வந்தடைவதில்லை. இக்குறை புதிதன்று. விற்பவர் கூறிய சக்தி நிலத்தில் கிட்டாமை கண்ட குரோசியர் என்னும் விவசாயி, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டசபை உறுப்பினராகி முன்னின்று கொணர்ந்த மசோதாவே 1919-இல் டிராக்டர் சோதனைச் சட்டமாயிற்று. நமது நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் புத்னி நிலையத்தில் இத்தகைய சோதனைகள் நடைபெறுகின்றன.

சக்தி செல்லும் வழி

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே அமைந்தது கிளச்சு. ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் அதன் தகடு, எஞ்சினின் பிளைவீலோடு ஒட்டிச் சுழலும். பெடலை மிதித்தால் பிடி விடும். கிளச்சு சக்தியை உண்டாக்குவதில்லை. கடத்துவதே அதன் தொழில். அப்பால் கியர்களின் உராய்வாலும், அவை எண்ணெயைக் கலக்குவதாலும் ஒரு பங்கு சக்தி உஷ்ணமாய்க் கழியும். இது தவிர்க்க இயலாதது.

தவிர்க்கத்தக்க நஷ்டம்

கிளச்சு வழுக்குவதால் நேரும் நஷ்டமோ நமது கவனக்குறைவின் பலன். 40 குதிரைச் சக்தியை எஞ்சின் தரும்போது கிளச்சு நூற்றுக்குப் பத்து வழுக்கினால், 4 குதிரைச் சக்தி, அதாவது சுமார் 3 கிலோவாட், உஷ்ணமாகும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றினைக் கிளச்சுக்குள் வைத்ததற்கு இது ஒப்பாகும். தகடு கருகும், டீசல் வீணாகும். தகட்டை மாற்ற டிராக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டுமாதலால் விதைப்புப் பருவமும் தவறக்கூடும்.

எஞ்சினின் வேகம் கூடியும் வண்டியின் வேகம் கூடாதிருத்தலும், கருகிய நாற்றமும் கிளச்சு வழுக்குவதன் அடையாளங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. ஓட்டும்போது பெடல்மீது காலை வைத்திருத்தல் ஆகாது.

2. பெடலின் தளர்ச்சி, கையேட்டில் கண்ட அளவில் இருத்தல் வேண்டும். தளர்ச்சி அற்றுப்போனால் தகடு முழுப்பிடி கொள்ளாது.

3. அரைக் கிளச்சில் பாரம் இழுக்கலாகாது. தாழ்ந்த கியரைக் கொள்க.

4. தகட்டில் எண்ணெய் படிந்தால் உடனே கசிவை அடைத்துத் தகட்டைப் பரிசோதிக்க வேண்டும்.

5. பின்சக்கரத்தில் சுண்ணாம்புக் குறியிட்டு, கலப்பையைத் தூக்கியும் இறக்கியும் பத்துச் சுற்று ஓட்டி அளக்கவும். முன்னது 40 மீட்டரும் பின்னது 36 மீட்டருமாயின், சக்கர வழுக்கல் நூற்றுக்குப் பத்து. உழவில் இது 15-க்கு மேற்பட்டால் சக்கரத்துக்குக் கனம் சேர்க்கவோ உழவின் ஆழத்தைக் குறைக்கவோ வேண்டும்.

அதிகச் சக்தியுள்ள டிராக்டரை நாடுமுன், உள்ள சக்தி விரயமாகாது காப்பதே இலாபம். கிராம அதிகாரிகள் இதனை ஓட்டுநர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.