கேம்பிங் கிளப்பில் சேரலாமா?

பாசிர் கூடாங்கில் மோட்டார்ஹோம் வைத்திருக்கிறீர்களா? செனாய்–டெசாரு நெடுஞ்சாலையில் ஏறி, ஜொகூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, டெசாரு கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய்வர கிளப் சந்தா தேவையில்லை. எண்டாவ்-ரொம்பின் காட்டுப் பக்கம் போகத்தான் நாலு வண்டித் துணை வேண்டும்.

பணம் கட்டுமுன் ஒருமுறை விருந்தினராகப் போய்ப் பாருங்கள். கூடாரம் அடிப்பவர்களே அதிகம் என்றால், அவர்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உங்கள் வண்டியைத் திருப்பக்கூட வழியிருக்காது. கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஆற்றோரம் என்று பதில் வந்தால், அந்தக் கிளப் வேண்டவே வேண்டாம்.

முகாம் இடத்துக்கு உரிமம் உண்டா என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங்காலி முகாமில் மண் சரிந்து தூக்கத்திலேயே புதைந்தவர்கள் உட்பட 31 பேர் இறந்தார்கள். முகாம் நடத்த அங்கே உரிமம் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை, வடகிழக்குப் பருவமழையிலும் மலைச்சரிவுக்குக் கிளம்பும் குழுவோடு பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்.

வேனை மாற்றிக் கட்டியிருந்தால், சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) ஒப்புதலும் காப்புறுதியும் சரியாக உள்ளனவா என்று முதலில் பாருங்கள். கிளப் உறுப்பினர் அட்டை அவற்றுக்கு ஈடாகாது.