கழுத்து வீக்கமும் மரவள்ளிக்கிழங்கும்



பால்மரம் வெட்டும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். "ஐயா, நிரையை முடிக்க முடியல. மண்டோர் சோம்பேறின்னு ஏசுறாரு" என்று அழுதார். கழுத்தின் முன்புறம் வீங்கியிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. சோம்பல் அல்ல, நோய்!

தைராய்டு கழுத்திலுள்ள சுரப்பி. அதற்கு அயோடின் வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். நீண்ட நாள் குறைந்தால் சுரப்பி வீங்கும். இந்த அம்மா வீட்டில் அயோடின் இல்லாத கல்லுப்பு. பசியாற அடிக்கடி மரவள்ளிக்கிழங்கு.

ஜப்பான்காரன் காலத்தில் (1942-45) நம் பெரியவர்களின் உயிரைக் காத்த கிழங்கு அது. ஆனாலும் அதில் சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் உண்டு. சரியாகச் சமைக்காமல் தின்றால், உடம்பு அந்த விஷத்தைத் தயோசயனேட்டாக மாற்றும். அது சுரப்பிக்குள் அயோடின் போகாமல் தடுக்கும். அயோடின் போதாதவர்களுக்குத்தான் இதனால் கெடுதல் அதிகம். தைராய்டு நோய்க்கு வேறு காரணங்களும் உண்டு.

ஆகவே:

1. கிழங்கின் தோலை நன்றாக உரித்து, துண்டாக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசந்தால் தின்ன வேண்டாம்.

2. அயோடின் கலந்த உப்பையே வாங்கி, மூடி வையுங்கள். சமையல் முடியும்போது அளவாகப் போடுங்கள்.

3. கழுத்து வீக்கம், ஓயாத களைப்பு, குளிர் தாங்காமை இருந்தால் உடனே வாருங்கள். கர்ப்பிணிகள் தாமதிக்கவே கூடாது. பிள்ளையின் மூளை வளர்ச்சி அதில் இருக்கிறது.

அந்த அம்மா தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது நிரையை நேரத்தோடு முடிக்கிறார். களைத்தவரை ஏசுவதற்கு முன் கழுத்தைப் பாருங்கள்!