விரால் வாங்கப் போறீங்களா? முதலில் ஒரு கேள்வி கேளுங்க!

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் "விரால் குழம்பு வெச்சுக் கொடு, தெம்பு வரும்" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். மலேசியா, இந்தோனேசியாவிலும் இதே வழக்கம் உண்டு. விராலில் புரதம் அதிகம், கொழுப்பு குறைவு, முள்ளும் குறைவு. புண் ஆறப் புரதம் தேவை என்பதால் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விரால் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது?

விரால் என்ன சாப்பிடுகிறது?

குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், கொஞ்சம் வளர்ந்ததும் பூச்சிகள், பெரிதானால் சின்ன மீன், தவளை. பசி வந்தால் தன் இனத்துக் குஞ்சையே விழுங்கிவிடும்! செடிகளுக்குள் அசையாமல் பதுங்கியிருந்து, இரை பக்கத்தில் வந்ததும் 'லபக்'கென்று பிடிக்கும். இதனால்தான் தூண்டிலில் உயிருள்ள தவளையையோ சின்ன மீனையோ மாட்டி விராலைப் பிடிக்கிறார்கள். கோடையில் ஏரி வற்றினால் சேற்றைத் துழாவிக் கையாலேயே பிடிப்பார்கள். விரால் காற்றையும் சுவாசிக்கும். சந்தையில் கொஞ்சம் தண்ணீரிலேயே துள்ளுவது அதனால்தான். சிவப்பான குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கும் விராலை மட்டும் பிடிக்கக் கூடாது. அதைப் பிடித்தால் குஞ்சுகளும் பிழைக்காது.

இதில் நமக்கு என்ன?

ஏரித் தண்ணீரில் கலந்த பாதரசம் முதலில் நுண்ணுயிருக்குள் போகிறது. அதைச் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனை விரால் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் அளவு கூடும். கடைசிப் படியில் இருப்பது நாம்!

அண்ணனூர், ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை. சுற்றிலும் வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆகவே "கிலோ என்ன விலை?" என்பதற்கு முன்னால் "எந்த ஏரி மீன், பண்ணை மீனா?" என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையா? வேறு மீன் வாங்குங்கள். முக்கியமாகக் கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் கழிவுநீர் கலக்கும் ஏரி மீனைத் தவிர்க்கணும்.

துள்ளுகிற மீன் புதுசு என்பது சரி. சுத்தமான ஏரி மீன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நல்ல தண்ணீரில் இரண்டு நாள் விட்டு வைத்தால் சேற்று வாடை குறையும், பாதரசம் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது.

சமையலறையில்...

* கல் உப்புப் போட்டுத் தேய்த்தால் வழவழப்புப் போகும்.

* குடல், ஈரல், செவுளை ஒட்ட எடுத்து எறியுங்கள். ஈயம், காட்மியம் போன்றவை அங்கேதான் அதிகம் தங்கும்.

* நடுத்துண்டு முழுசாக வேகணும். தாய்லாந்தில் அரைவேக்காட்டு விரால் சாப்பிட்டவர்களுக்குப் புழுத் தொற்று வந்ததுண்டு. புளியும் எலுமிச்சையும் புழுவைக் கொல்லாது.

* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

* ஹைதராபாத்தில் ஜூன் மாதத்தில் ஆஸ்துமாவுக்காக உயிருள்ள விரால் குஞ்சை மருந்தோடு விழுங்க வைக்கும் வழக்கம் உண்டு. அது ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. அதை நம்பி இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்!

நல்ல விரால் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். மத்தி மீனிலும் புரதம் உண்டு. இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 அதில் விராலைவிட அதிகம். விலையும் கம்மி!