வெந்நீர்த் தொட்டியின் தண்ணீரைப் பேணுவது எப்படி? திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சுடுநீரில் குளிப்பது திருகோணமலைக்குப் புதிதல்ல. நகரிலிருந்து அனுராதபுர வீதியால் சிறிது தூரம் போனால் கன்னியா. அங்கே ஏழு கிணறுகள். கிணற்றுக்குக் கிணறு சூடு கொஞ்சம் மாறும். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறோம், ஊற்றிய தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது, கிணற்றில் புதுத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. கிணற்றுக்குள் யாரும் இறங்கி உட்காருவதில்லை.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளிலும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து கட்டுபவர்களின் வீடுகளிலும் வைக்கப்படும் வெந்நீர்த் தொட்டியின் கதை வேறு. அதற்குள் இறங்கி உட்காருகிறோம். அதே தண்ணீரில் நாளைக்கும் உட்காருகிறோம், அடுத்த கிழமையும் உட்காருகிறோம். 1000 லீற்றர் தொட்டியில் நாலு பேர் இருந்தால் ஆளுக்கு 250 லீற்றர். 25 மீற்றர் நீளமும் 12 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் உள்ள நீச்சல் தடாகத்தில் 1800 பேர் ஒரே நேரத்தில் இறங்கினால்தான் அந்த நெருக்கம் வரும். அதோடு தண்ணீரும் சூடு. வியர்வை, எண்ணெய், தோல் செதில் எல்லாம் கிருமிக்குத் தீனி. ஆகவே இந்தத் தொட்டியை வாங்குபவர் உண்மையில் வாங்குவது ஒரு தினசரி வேலையை. அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாத வீட்டில் தொட்டி வைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இடமும் மின்சாரமும்

1000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன் எடை. தொட்டி, ஆட்கள் எல்லாம் சேர்த்தால் ஒன்றரைத் தொன்னைத் தாண்டும். கடற்கரை மணலில் நேரடியாக வைத்தால் ஒரு பக்கம் இறங்கிவிடும். கம்பி வலை போட்ட கொங்கிறீற்றுத் தளம் தேவை. மொட்டை மாடியில் வைப்பதென்றால் பொறியியலாளர் பார்த்துச் சொல்லாமல் வைக்கக்கூடாது.

மின் இணைப்பைத் தனியாக இழுத்து, 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்சையும் சரியான எர்த்தையும் போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை அந்தச் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும் ஊர் இது, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இடி மின்னல் தொடங்கினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

சூடாக்கும் செலவு இங்கே குளிர்நாடுகளைப் போல வராது. 1000 லீற்றரை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 1.16 அலகு மின்சாரம் போதும். 28 பாகைத் தண்ணீரை 38 பாகைக்குக் கொண்டுவரப் 12 அலகு. 3 கிலோவாற்று ஹீற்றரில் நாலு மணி நேரம். கச்சான் அடிக்கும் மாதங்களில் ஹீற்றரை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீராகவே வைத்திருக்கலாம். மாரிகால இரவுகளில்தான் சூட்டின் அருமை தெரியும்.

எந்தத் தண்ணீர்?

நகரத்துக் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வருவது. கிடைக்குமானால் அதையே நிரப்புங்கள். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் ஊற்ற வேண்டாம். சிப்பியும் முருகைக்கல்லும் கலந்த மணலில் ஊறும் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. சூடாகும்போது அந்தச் சுண்ணாம்பு தண்ணீரை விட்டுப் பிரிந்து ஹீற்றர்க் கம்பியில் வெள்ளையாகப் படியும். கேத்தலின் அடியில் நீங்கள் பார்க்கும் அதே படிவுதான். வெயில் காலத்தில் உவர்ப்பும் ஏறும், அது உலோகத்தை அரிக்கும்.

கடினத்தன்மை லீற்றருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. கிணறு 400 காட்டினால் குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து மறுபடி அளந்து பாருங்கள். இரும்பு உள்ள தண்ணீர் வாளியில் தெளிவாகத் தெரியும், குளோரின் பட்டதும் தேயிலைச் சாயம் போல் மாறும். ஒரு வாளித் தண்ணீரில் சிறிது குளோரின் போட்டு ஓர் இரவு வைத்துப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முதல் நாள் வேலை

அளக்கும் கருவி இல்லாமல் தொடங்காதீர்கள். பட்டிச் சோதனைத் தாள் அன்றாடத்துக்குப் போதும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் பெட்டி இன்னும் நம்பகமானது. ஈரம் பட்டால் தாள் பொய் சொல்லும், ஆகவே மூடியை இறுக மூடி வீட்டுக்குள் வையுங்கள். தொட்டியின் கொள்ளளவை விற்பனைத் தாளில் பார்த்து எழுதி வையுங்கள். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 1000 லீற்றருக்கு. அளக்கச் சமையலறைத் தராசு போதும்.

முதலில் காரத்தன்மை. பி.எச். அங்குமிங்கும் தாவாமல் பிடித்து வைப்பது இதுதான். 80க்கும் 120க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் அப்பச்சோடா போடலாம். 17 கிராம் போட்டால் 10 புள்ளி ஏறும். (பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடக்கூடாது.) கூடினால் சோடியம் பைசல்பேட் தூள், 24 கிராம் அளவுக்கு 10 புள்ளி இறங்கும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கூடுதலாக இருப்பதே வழக்கம். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டு இறக்கப் பார்க்காதீர்கள். அவை குளோரினைத் தின்றுவிட்டுக் கிருமிக்கு உணவாகும்.

பிறகு பி.எச். 7.2இலிருந்து 7.8க்குள் இருக்கட்டும், 7.4 அளவில் வைத்திருப்பது என் தேர்வு. ஜெட்டுகள் காற்றை அடிக்க அடிக்கத் தண்ணீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறி, பி.எச். தானாகவே மேலே ஏறும். எதுவும் போடாமலே ஏறுகிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான். காரத்தன்மையை 80 பக்கமாக வைத்துக்கொண்டால் ஏற்றம் மெதுவாகும்.

ஒன்றைப் போட்டபின் பம்பை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளந்து, அதன்பின் அடுத்ததைப் போடுங்கள். கடைசியில் குளோரின்.

குளோரினைப் புரிந்துகொள்ளுங்கள்

வெந்நீர்த் தொட்டியில் குளோரின் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடாது. 3 முதல் 5 வரை நல்லது. புரோமின் பாவித்தால் 4 முதல் 8. 10க்கு மேல் இருக்கும்போது யாரும் இறங்கக்கூடாது.

அளவு சரியாக இருந்தாலும் பி.எச். தவறினால் பயனில்லை. 7.5இல் குளோரினின் பாதி அளவுதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8க்குப் போனால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். தாள் 4 என்று காட்டும், வேலை செய்வதோ 1. குளோரினைக் கொட்டிக்கொண்டே போகும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது பி.எச்.

எந்த வகையை வாங்குவது? கல்சியம் ஹைப்போகுளோரைட்டு மணிகள், சுண்ணாம்பு ஏற்கெனவே கூடிய எங்கள் தண்ணீருக்கு மேலும் சுண்ணாம்பைச் சேர்க்கும். டைகுளோர் தூள் உடனே கரையும், ஆனால் அதிலுள்ள சயனூரிக் அமிலம் ஒவ்வொரு தடவையும் சேர்ந்து கொண்டே போய்க் குளோரினின் வேகத்தைக் குறைக்கும். வாசனை சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட்டுத் திரவம் இரண்டையும் சேர்க்காது. திருகோணமலைக்கு அதையே சொல்வேன். 5 சதவீதத் திரவமானால் 60 மில்லிலீற்றர் விட 3 மில்லிகிராம் ஏறும். இந்த வெக்கையில் திரவம் சீக்கிரம் வலுவிழக்கும் என்பதால் சிறிய போத்தலாக, புதிதாக வாங்கி நிழலில் வையுங்கள். வெயிலும் குளோரினைத் தின்னும், ஆகவே குளிக்காத நேரமெல்லாம் மூடி போட்டிருக்க வேண்டும்.

மூக்கைத் துளைக்கும் "குளோரின் மணம்" வந்தால் குளோரின் கூடிவிட்டது என்று பலர் எண்ணுவர். அது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து களைத்துப்போன குளோரினின் மணம். மொத்தக் குளோரினுக்கும் சுயாதீனக் குளோரினுக்கும் இடையே 0.5க்கு மேல் வித்தியாசம் இருந்தால், அளவை 10 வரை உயர்த்தி, மூடியைத் திறந்து, ஜெட்டுகளை இருபது நிமிடம் ஓடவிட்டு, 5க்கு இறங்கும் வரை காத்திருங்கள். வித்தியாசம் இல்லாவிட்டாலும் கிழமைக்கு ஒரு தடவை இதைச் செய்வது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். ஒரு வகைக் குளோரினோடு இன்னொரு வகையை உலர்ந்த நிலையில் கலந்தால், ஒரே கரண்டியால் இரண்டையும் அள்ளினாலும், தீப்பற்றலாம், வெடிக்கவும் கூடும். எப்போதும் மருந்தைத் தண்ணீரில் போடுங்கள், மருந்தின்மேல் தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

இறங்குவதற்கு முன்

எண்ணெய் தேய்த்துத் தோய்ந்த நாளில் தொட்டிக்குள் இறங்க வேண்டாம். நல்லெண்ணெய் எத்தனை தடவை சவர்க்காரம் போட்டாலும் முழுதாகப் போகாது. வடிகட்டியை அடைத்து, நீர்மட்டத்தில் பிசுக்கு வளையமாகப் படியும். கடலில் குளித்துவிட்டு வருபவர்கள் உப்பையும் மணலையும் வெயிற்பூச்சையும் கழுவிவிட்டே இறங்க வேண்டும். விடுதிக்காரர்கள் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஷவரும் கால் கழுவ ஒரு வாளியும் வைத்தாலே குளோரின் செலவு குறையும்.

சூடு 40 பாகையைத் தாண்டக்கூடாது. எங்கள் ஈரக்காற்றில் வியர்வை உலராது, உடம்பு ஆறாது, ஆகவே கால் மணி நேரம் போதும். கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் இறங்கக்கூடாது. இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின் இறங்கலாம். மது அருந்திவிட்டு ஒருவரும் இறங்கக்கூடாது.

நாளும் கிழமையும்

வீட்டில் தினம் காலையில் ஒரு தடவையும், ஆட்கள் இறங்குவதற்கு முன் ஒரு தடவையும் குளோரினையும் பி.எச்.சையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். விருந்தினர் வரும் சித்திரை முதல் புரட்டாதி வரையான காலத்தில் விடுதிகளில் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். குளித்து எழும்பியவுடன் குளோரின் போடுங்கள், அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள். வடிகட்டியைக் கிழமைக்கு ஒரு தடவை ஹோஸ் பைப்பால் மடிப்பு மடிப்பாகக் கழுவுங்கள். மின்சாரம் நெடுநேரம் நின்றால் கையால் குளோரின் விட்டுத் துடுப்பால் கலக்கி மூடி வையுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் நகரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே விற்பனைக்காகக் காட்டி வைத்த, மருந்து போடாத வெந்நீர்த் தொட்டியிலிருந்து லெஜியனெல்லா கிருமி காற்றில் பரவியது. சுமார் 200 பேர் நோயுற்றார்கள், 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் தொட்டிக்குள் இறங்கியவர்கள்கூட இல்லை. பக்கத்தால் நடந்து போனவர்கள். ஜெட் கிளப்பும் மெல்லிய நீர்த்திவலையை மூச்சோடு இழுத்தாலே அந்தக் கிருமி நுரையீரலுக்குப் போய்விடும்.

தண்ணீரை மாற்றும் நாள்

கொள்ளளவை 11ஆல் வகுத்து, ஒரு நாளைக்கு இறங்குவோர் தொகையால் மீண்டும் வகுத்தால் எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது என்பது வரும். 1200 லீற்றரில் தினம் இரண்டு பேர் என்றால் சுமார் 55 நாள். நாலு பேர் என்றால் 27 நாள். குறைவாகப் பாவித்தாலும் மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம்.

மாற்றுவதற்கு முந்திய நாள் குளோரினை 20 வரை ஏற்றி எல்லா ஜெட்டுகளையும் ஓடவிட்டால் குழாய்களுக்குள் ஒட்டியிருக்கும் வழுவழுப்பு பெரும்பாலும் கழன்றுவிடும். பிறகு ஹீற்றரை நிறுத்தி, மூடியைத் திறந்து வெயில் படவிட்டு, சோதனைத் தாள் பூச்சியம் காட்டியபின் வெளியேற்றுங்கள். வெளியேற்றும் இடம் கிணற்றுக்கு எட்டவே இருக்கட்டும். எங்கள் மணலில் தண்ணீர் நிமிடத்தில் இறங்கும், உங்கள் கிணறு மட்டுமல்ல, அயலவர் கிணறும் பாதிக்கப்படலாம். உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு மீண்டும் நிரப்புங்கள்.

வெறுமையாக விட்டுவிட்டு வெளிநாடு போவதென்றால் தொட்டியில் ஒரு சொட்டும் தங்கக்கூடாது. மூடியின் மேல் மழைநீர் தேங்காதபடி சரிவாகக் கட்டுங்கள். 2017இல் டெங்கு நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோரைத் தாக்கியபோது கிண்ணியா எவ்வளவு துன்பப்பட்டது என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். குளோரின் வற்றிய தெளிந்த தண்ணீர் அந்த நுளம்புக்குப் பிடித்தமான இடம். பூட்டிய வீட்டுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். சாவியை அயலவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

குளித்து ஓரிரு நாளில் உடை மூடிய இடங்களில் சிவந்த கொப்புளங்கள் வந்தாலோ, இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் இருமலும் மூச்சு முட்டலும் வந்தாலோ, வெந்நீர்த் தொட்டியில் இருந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காரணம் தெரியும் வரை தொட்டியை மூடி வையுங்கள், வேறு யாரையும் இறங்க விடாதீர்கள்.