காரணம் என்று எழுதும் முன்

குழந்தையின்மையின் மரபணுக் காரணங்களைத் தேடும் ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, இந்த வேலையிலேயே தலை நரைத்துப்போன நான் சொல்ல நினைப்பவை இவை.

1. கணவன், மனைவி இருவரின் ரத்தமும் வரட்டும். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் நம் ஊரில் முதலில் ஆஸ்பத்திரிப் படி ஏறுபவள் மனைவிதான். ஸ்கேன், ஹார்மோன், லேப்ராஸ்கோப்பி எல்லாம் முடிந்து, ஊரார் வாயிலும் விழுந்த பிறகே கணவரின் விந்துப் பரிசோதனை நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண்கள் வீணாகச் சுமந்த பழியைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவே இல்லை.

2. பழைய சோதனையை இளக்காரமாக நினைக்காதீர்கள். க்ளைன்ஃபெல்டர் 1942இல் அறிகுறிகளை விவரித்த நோய்க்கு ஒரு கூடுதல் எக்ஸ் குரோமோசோம்தான் காரணம் என்று 1959இல் தெரிந்தது. ஆண்களில் ஏறக்குறைய 600 பேரில் ஒருவருக்கு அது உண்டு. பலருக்குக் குழந்தை இல்லை என்று வரும்போதுதான் தெரியவருகிறது. அதைக் கண்டுபிடிக்கக் குரோமோசோம் பரிசோதனையே போதும். அதற்கு உயிருள்ள செல் வேண்டும், ஆகவே ஹெபாரின் உள்ள பச்சை மூடிக் குழாய். டிஎன்ஏவுக்கு ஊதா மூடி. குழாய் மாறினால் அந்த மனிதர் இன்னொரு நாள் கூலியை இழந்து மறுபடி வர வேண்டும்.

3. ஒய் குரோமோசோம் ஜெல்லை அவசரமாகப் படிக்காதீர்கள். 1976இல் இத்தாலியில் டியெபோலோவும் சுஃபார்டியும் 1,170 ஆண்களைச் சோதித்தார்கள். விந்தணுவே இல்லாத ஆறு பேரிடம் ஒய்யின் நீண்ட கையில் ஒரு துண்டு காணவில்லை. அந்தப் பகுதியை ஏ, பி, சி என மூன்றாக 1996இல் ஃபோக்ட் குழுவினர் பிரித்தார்கள். இன்று பிசிஆரில் நாம் தேடுவது அவற்றைத்தான்.

நோயாளியின் வரிசையோடு, குழந்தை பெற்ற ஓர் ஆணின் டிஎன்ஏ, ஒரு பெண்ணின் டிஎன்ஏ, வெறும் தண்ணீர் மூன்றும் கட்டாயம் ஓட வேண்டும். பெண்ணின் வரிசையில் ஒய்க்குரிய கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அந்த ஜெல்லை ஒதுக்கிவிடுங்கள். பிப்பெட் பிடித்த தம்பியின் டிஎன்ஏவேகூட உள்ளே போயிருக்கலாம். அது நோயாளியிடம் இல்லாத துண்டை இருப்பதாகக் காட்டிவிடும். ஏ அல்லது பி முழுதும் இல்லாதவருக்கு விரையில் அறுவை செய்தாலும் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. சி மட்டும் இல்லாதவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கிடைக்கிறது. ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். ஒருவர் கத்திக்குப் படுப்பதா வேண்டாமா என்பது அந்தக் கோட்டில் இருக்கிறது.

4. ஒப்பிட, குழந்தை பெற்ற நம் மக்களையே தேடுங்கள். சி பகுதியில் விழும் ஒரு சிறு இழப்பு சில மக்களிடம் விந்தணு குறைவோடு சேர்ந்து வருகிறது. ஆனால் ஜப்பானில் ஒரு தந்தைவழி முழுவதுமே அந்த இழப்போடு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று வாழ்கிறது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் இந்திய ஆண்களின் ஒய் குரோமோசோம் பற்றி நடந்த ஆய்வுகளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

5. சொந்தத்தில் திருமணமா என்று தம்பதியிடம் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறீர்கள். கேட்க வேண்டியது அவர்களுடைய பெற்றோரைப் பற்றி. கணவரின் அம்மா தன் தாய்மாமனையே கட்டியிருந்தால், கணவரின் மரபணுக்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இரண்டு பிரதியும் ஒரே மாதிரி இருக்கும். ஒளிந்திருந்த பிழை வெளிப்படுவது அங்கேதான். வட ஆப்பிரிக்க ஆண்களிடம் 2007இல் அப்படி ஒன்று தெரிந்தது. ஏயுஆர்கேசி மரபணுவில் ஓர் எழுத்து விட்டுப்போனதால் விந்தணுவின் தலை பெருத்து, வால் பலவாகி, குரோமோசோம் நான்கு மடங்காக இருந்தது. அந்த விந்தணுவைக் கருமுட்டையில் செலுத்திப் பயனில்லை என்று தெரிந்ததே பெரிய உதவி. பணமும் மனமும் கரையாமல் மிஞ்சின. கேட்கும்போது குரலில் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்.

6. பொருள் விளங்காத மரபணு மாற்றத்தை அறிக்கையில் காரணமாக எழுதாதீர்கள்.

7. முடிவு யார் யாரைத் தொடும் என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லுங்கள். எஃப்எம்ஆர்1 மரபணுவின் முன்மாற்றம் உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்குள் கருமுட்டை தீர்ந்துவிடலாம். அந்தச் செய்தி அவளுடைய தங்கைக்கும் உரியது. பூப்பே அடையாமல் வரும் ஒரு பெண்ணிடம் ஒய் குரோமோசோம் தெரிந்தால் தாளை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். மாமியார் இல்லாத அறையில், மருத்துவரும் மரபணு ஆலோசகரும் அவளிடம் மட்டும் பேசட்டும். வளர்ச்சியடையாத பாலினச் சுரப்பியில் கட்டி வரும் ஆபத்து இருந்தால் அதை அகற்றுவது பற்றியும், கருப்பை இருந்தால் இன்னொருவரின் கருமுட்டையால் தானே சுமந்து பெறலாம் என்பதையும் அந்த முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.