ரத்தத்தில் ஒரு ஸ்பூன், பாட்டிலில் ஆறு ஸ்பூன்!

முதல்ல ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

நம்ம உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். வெறும் வயிற்றில் 100 மில்லி ரத்தத்தில் 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருந்தால் அது நார்மல். 5 லிட்டருக்குப் பெருக்கிப் பாருங்க: 4500 மில்லிகிராம், அதாவது 4.5 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை கிட்டத்தட்ட 4 கிராம். ஆக, மொத்த ரத்தத்திலும் இருப்பது ஒரு ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

இப்போ ஒரு 250 மில்லி கோலா பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்க. வழக்கமான கோலாவில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு பாட்டிலுக்கு சுமார் 26 கிராம். ஆறு ஸ்பூனுக்கும் மேல! பிரியாணி சாப்பிட்டுட்டு அதை ரெண்டே நிமிஷத்தில் குடிச்சு முடிச்சிடுறோம்.

உள்ளே என்ன நடக்குது?

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது ஈஸி. இது ஒரு குளோஸ்டு லூப். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும் கணையம் அதை உணர்ந்து இன்சுலினை அனுப்பும். அந்த சிக்னல் கிடைத்ததும் தசை, கல்லீரல், கொழுப்பு செல்கள் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். அளவு மறுபடியும் அந்த ஒரு ஸ்பூனுக்கு வந்துவிடும்.

தேவைக்கு மேல் கலோரி, ஏறும் எடை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது எல்லாம் வருஷக்கணக்கில் தொடர்ந்தால், செல்கள் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் விடாது, இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கும். அதனால் டெஸ்ட் எடுத்தால் அவுட்புட் நார்மலாகவே தெரியும், ஆனால் கண்ட்ரோலர் திணறிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் அதற்கும் முடியாமல் போகும்போதுதான் ரத்த சர்க்கரை ஏறி, டைப் 2 நீரிழிவு வருகிறது.

இன்னொரு விஷயம். நாம் போடும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், மீதிப் பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸின் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல்தான். அளவு மீறினால் அதைக் கொழுப்பாக மாற்றிவிடும். மது தொடாதவருக்கும் ஃபேட்டி லிவர் வர இதுவும் ஒரு காரணம். வாயில் இருக்கும் பாக்டீரியாவும் சர்க்கரையை அமிலமாக்கிப் பல் எனாமலை அரிக்கும். ஒரே மூச்சில் குடிப்பதைவிட, லேப்டாப் பக்கத்தில் வைத்து ரெண்டு மணி நேரம் உறிஞ்சுவது பல்லுக்கு இன்னும் மோசம்.

சர்க்கரை சாப்பிட்டாலே சுகர் வந்துடும்னு அர்த்தம் இல்லை. பரம்பரை, எடை, உடற்பயிற்சி, தூக்கம் எல்லாத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் இதில் நாளைக்கே மாற்றக்கூடியது கையில் இருக்கும் பாட்டில்.

நமக்கெல்லாம் இப்பவே எதுக்கு?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு. 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில், ப்ரீ-டயாபட்டீஸில் இருக்கிறார்கள். தெற்காசியர்களுக்கு இந்த நோய் ஐரோப்பியர்களைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த எடையிலும் வருகிறது. அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ. 23 தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள். "நான் ஒல்லிதானே மச்சான்" என்பது பாதுகாப்பு இல்லை.

எவ்வளவுதான் சாப்பிடலாம்?

சேர்க்கப்படும் சர்க்கரை, தினசரி கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழ் இருக்கணும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2000 கலோரிக்கு 10 சதவீதம் 200 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. அப்போ எல்லை 50 கிராம், நல்ல எல்லை 25 கிராம்.

ரெண்டு ஸ்பூன் போட்ட டீ மூணு குடிச்சா 24 கிராம். கூட ஒரு கோலா 26 கிராம். 50 முடிஞ்சுபோச்சு! கிரீம் பிஸ்கட் இன்னும் கணக்கிலேயே வரலை.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், வடிகட்டிய ஜூஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழமும் வெறும் பாலும் சேராது.

எப்படிக் குறைக்கிறது?

1. குடிக்கிற சர்க்கரையில் ஆரம்பிங்க. குடித்த கலோரியை வயிறு சரியாகக் கணக்கு வைக்காது. கோலா குடிச்சோம் என்பதற்காக ஒரு பரோட்டாவைக் குறைக்க மாட்டோம். தண்ணீர், மோர், உப்பு போட்ட லெமன் நல்ல மாற்று.

2. டீயை விட வேண்டாம். "அண்ணா, சக்கரை கம்மி" என்று சொன்னால் போதும். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு மெல்லப் பழகிவிடும். ஹாஸ்டலில் மொத்தமாகச் சர்க்கரை போட்டுக் கொடுத்தால், அரை டம்ளர் வாங்குங்க.

3. ஜூஸ் கடையில் "சுகர் வேணாம்"னு முதல்லயே சொல்லிடுங்க. மிக்ஸியில் போட்ட பிறகு சொல்லி பிரயோஜனம் இல்லை.

4. லேபிளில் "மொத்த சர்க்கரை", "சேர்த்த சர்க்கரை" என ரெண்டு வரி இருக்கும். பொருட்கள் எடை வரிசையில்தான் அச்சிடப்படும். சர்க்கரையோ லிக்விட் குளுக்கோஸோ முதல் மூணு இடத்தில் இருந்தால் யோசிங்க.

5. நைட் படிக்கும்போது பிஸ்கட்டுக்குப் பதிலா வேர்க்கடலை, கொய்யா, சுண்டல். எனர்ஜி டிரிங்க் தூக்கத்துக்கு ஈடாகாது.

6. டயட் கோலாவையே தீர்வாக நம்ப வேண்டாம். எடை குறைக்க செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் கல்யாண வீட்டில் ஜாங்கிரியும் தாராளமா சாப்பிடுங்க. பிரச்சினை தினசரிப் பழக்கத்தில்தான்.

இந்தச் சின்ன மாற்றங்களுக்குப் பலன் உண்டா? சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான்.

மூணு நாளைக்கு, குடித்த சர்க்கரையை மட்டும் போனில் கிராம் கணக்கில் குறிச்சு வைங்க. வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தால், அடுத்த லீவில் ஒரு ஃபாஸ்டிங் டெஸ்ட்டும் எடுத்துடுங்க. 100-க்குக் கீழ் நார்மல், 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126-ம் அதற்கு மேலும் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்க. எச்சரிக்கை நிலையிலேயே தெரிஞ்சுகிட்டா, திருத்திக்க நேரம் நிறையவே இருக்கு.