ஊருக்குள் வந்த தேன்கூடு

குடிநீர், தெருவிளக்கு, சாலை ஆகியவற்றைப் பற்றிய பேச்சு முடிந்தபின், ஆண்டுதோறும் மாசி, பங்குனி மாதங்களில் ஊராட்சி மன்றக் கூட்டங்களில் மற்றொரு பொருள் விவாதத்துக்கு வருவதை நாம் கண்டிருக்கிறோம். "தொட்டியில் தேன்கூடு கட்டியிருக்கிறது, அதனை அழிக்க வேண்டும்" என்பதே அது. சில வேளைகளில் தொட்டிக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்து வேப்பமரமாகவோ, கோயில் கோபுரமாகவோ இருக்கும். பெரும்பாலும் மறுபேச்சின்றித் தீர்மானம் நிறைவேறிவிடும். அவ்வாறு நிறைவேறிய ஒரு தீர்மானத்துக்கு நாமும் ஒப்புதல் அளித்தோம். அதன் விளைவை இங்கு மறைக்காமல் எழுதுவது, பிற ஊராட்சிகளுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

மலையடிவாரத்தை ஒட்டிய சிற்றூர் அது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடிப்புறத்தில், முறம் போன்ற ஒரு பெரிய கூடு தொங்கிற்று. தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும். ஏணியில் ஏற, தொட்டி இயக்குபவர் அஞ்சினார். அவரது அச்சம் நியாயமானதே. கூட்டத்தில் ஒரு மூதாட்டி மட்டும் எழுந்து, "ஐயா, சென்ற இரண்டு வருஷமும் இது மாசியில் வந்து, ஆனி பிறக்கும் முன் தானாகப் போய்விட்டது. இந்த வருஷமும் போய்விடும்" என்று சொன்னார். அவர் சொல்லை எவரும் பொருட்படுத்தவில்லை; நாமும் பொருட்படுத்தவில்லை. பட்டப்படிப்பு சில வேளைகளில் இத்தகைய செவிட்டுத்தனத்தைத் தருவதுண்டு.

அன்றிரவு, மூங்கிற் கழியின் நுனியில் பனையோலையைக் கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக் கூட்டைச் சுட்டனர். எரிந்த தேனீக்கள் மழைபோல் விழுந்தன. ஆயினும் அனைத்தும் இறக்கவில்லை. கூடு இழந்து இரவெல்லாம் தொட்டியைச் சுற்றிக் கிடந்தவை, விடிந்ததும் அவ்வழியே ஏரிக்கரை வேலைக்குச் சென்ற பெண்கள்மீது பாய்ந்தன. பதினொருவர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. அவர்களுள் வயது முதிர்ந்த ஒருவர் நான்கு நாட்கள் படுக்கையில் கிடந்து மீண்டார். முன்தினம் கூட்டத்தில் எழுந்து பேசிய மூதாட்டியே அவர். அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "சாப்பிட்டீர்களா ஐயா?" என்றுதான் கேட்டார்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகே, தேனீக்களைப் பற்றி முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எழுந்தது.

எல்லாத் தேன்கூடுகளும் ஒன்றல்ல. முதலில் உணர வேண்டியது இதுவே. தொட்டியிலும் பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒரே அடையாகப் பெரிதாகத் தொங்குவது மலைத்தேனீயின் கூடு. ஒரு கூட்டில் அரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தேனீக்கள் வாழ்வதுண்டு. நான்கு வகைகளுள் அஞ்ச வேண்டியது இதுவே. ஆயின் இது நிலையாக ஓரிடத்தில் தங்குவதன்று. பூக்கும் காலத்தைப் பின்பற்றி நெடுந்தூரம் இடம்பெயரும். அடுத்த பருவத்தில் பழைய இடத்துக்கே மீண்டும் வரும். மூதாட்டி சொன்னது இதைத்தான்.

வேலியிலும் புதரிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிறு அடை கட்டுவது கொம்புத் தேனீ. இதனால் பெரிய ஆபத்து ஏதுமில்லை, தொடாமல் விட்டுவிடலாம். சுவர்ப் பிளவுகளில் மெழுகும் பிசினும் கலந்து குழல் போன்ற வாயில் அமைத்து வாழும் கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கே இல்லை. மரப்பொந்து, பழைய சுவர், கவிழ்ந்த பானை, மின்கம்பப் பெட்டி ஆகியவற்றின் உள்ளே பல அடைகளை அடுக்காகக் கட்டுவது அடுக்குத் தேனீ. இதனை இந்தியத் தேனீ என்றும் கூறுவர். பெட்டியில் வைத்து வளர்க்கத்தக்கது இது.

கதண்டு என்னும் பெருங்குளவி இவற்றினின்றும் வேறானது. மரநாரை மென்று செய்த காகிதம் போன்ற பழுப்பு உறையுடைய கூட்டை அது கட்டும். அக்கூட்டில் தேன் இராது. கதண்டுக் கூட்டைக் கண்டால் தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்குத் தெரிவிப்பதே முறை. தேன்கூடு என்று எண்ணிச் சிறுவர் கல்லெறிவது பெருந்தீங்கு.

இனி, மலைத்தேனீ தொட்டியில் கட்டினால் ஊராட்சி செய்யத்தக்கது யாது? கூடுமானால் அது போகும்வரை பொறுத்திருப்பதே. ஏணியின் அடியில் முள் வைத்து அடைத்து, சிவப்புத் துணி கட்டி, அங்கே புகை எழுப்புவதையும் பட்டாசு கொளுத்துவதையும் தடுக்க வேண்டும். திருவிழாக் காலங்களில் இது மிகவும் இன்றியமையாதது. தொட்டியைக் கழுவ இயலாத அந்தச் சில வாரங்களில், குளோரின் கரைசலைக் கீழேயே, நீரேற்றும் குழாய் வழியில் கலப்பதற்கு ஏற்பாடு செய்யலாம். குழாயடியில் குளோரின் அளவை நாள்தோறும் சோதித்துவரல் வேண்டும்.

கூட்டின்மேல் பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ தெளிப்பவர்கள், தாம் நிற்பது குடிநீரின் அருகில் என்பதை மறந்துவிடுகிறார்கள். மருந்து அடித்த கூட்டிலிருந்து விழும் தேனைக் குழந்தைகள் எடுத்து உண்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி ஆகிய இடங்களில் பொறுத்திருக்க இயலாது. அங்கே தீயணைப்பு மீட்புப் பணித் துறையினரையோ, தேன் எடுப்பதில் பழக்கமுடைய பெரியவர்களையோ அழைத்து, அவ்விடத்தில் எவரும் இல்லாதபோது, இரவில், புகைகொண்டு விலக்கச் செய்வதே சரி. தீ கூடாது. நீலகிரி மலைகளில் குறும்பர் முதலான மக்கள் செங்குத்தான பாறைகளில் கயிற்றேணியில் இறங்கி, புகையாலேயே தேனீக்களை விலக்கித் தேன் எடுத்துவருகின்றனர். மலைத்தேனீயின் அடையில் தேன் மேற்பகுதியின் ஒரு பக்கத்தில் தடித்துத் திரண்டிருக்கும். குஞ்சுகள் கீழே இருக்கும். தேன் உள்ள பகுதியை மட்டும் அறுத்துக் குஞ்சுப் பகுதியை விட்டுவிட்டால் அக்கூட்டம் பிழைத்துக்கொள்ளும். இந்த வேறுபாடு தெரியாமல் முழு அடையையும் வெட்டுவது, நெல்லை எடுப்பதற்காக விதைக்குதிரையும் உடைப்பது போன்றது.

தேனீக்கள் போனபின் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைப் பலரும் செய்வதில்லை. ஒட்டியுள்ள மெழுகை நன்றாகச் சுரண்டி, அவ்விடத்தில் சுண்ணாம்பு பூசவேண்டும். பழைய மெழுகின் மணம் அடுத்த கூட்டத்தை அழைக்கும். தொட்டியின் அடிப்புறத்தில் கம்பி வலை அடிப்பது இன்னும் உறுதியான காப்பு.

கொட்டுப்பட்டால் செய்ய வேண்டியதையும் ஊரார் அறிந்திருத்தல் வேண்டும். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கைகளை வீசாமல், மூடிய அறையையோ வண்டியையோ நோக்கி நேராக ஓடவேண்டும். கிணற்றில் குதிப்பது தவறு; தலை தூக்கும்வரை அவை மேலே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். கொட்டிய தேனீயின் கொடுக்கு தோலில் தங்கி நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும். அங்கிருந்து எழும், வாழைப்பழத்தின் மணம் போன்ற வாடை, மற்றத் தேனீக்களையும் அங்கே வரவழைக்கும். ஆகவே நகத்தாலாயினும் கத்தியின் முதுகாலாயினும் கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும். எதனால் எடுப்பது என்று தேடி நிற்பதைவிட விரைவே முக்கியம். மூச்சுத் திணறலோ, முகவீக்கமோ, மயக்கமோ கண்டால் ஒரே கொட்டாயினும் காலந்தாழ்த்தலாகாது. பல இடங்களில் கொட்டுப்பட்டவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சிறுநீரகம் பிற்பாடு பழுதுபடக்கூடும்.

சுவருக்குள்ளோ பொந்திலோ அடுக்குத் தேனீ குடியேறினால் அதனைத் தொல்லை என்று கருதாமல் வரவு என்று கருதலாம். மாலையில் மெல்லப் புகையிட்டு, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, முட்டையும் புழுவும் உள்ளவற்றை அவை முன்பிருந்த அதே நிலையில், மேல்கீழ் மாறாமல், வெற்றுச் சட்டங்களில் வாழைநாரால் கட்டிப் பெட்டியில் வைக்கவேண்டும். இராணித் தேனீயைக் கண்டுபிடித்து, துளையிட்ட சிறு கூண்டில் அடைத்து உள்ளே விட்டால், மற்றவை தாமே பின்தொடரும். இருட்டும்வரை பெட்டியை அவ்விடத்திலேயே வைத்திருந்து, பின்னர் வாயிலை அடைத்து, இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அருகிலேயே வைத்தால் மறுநாள் பழைய சுவருக்கே திரும்பிவிடும். பெட்டியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பழைய பொந்தைச் சிமெண்டால் அடைத்துவிடலாம். இதற்கு ஏற்ற பெட்டியும் புதிதன்று: 1911 முதல் 1917 வரை தென்னாட்டுக் கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பில் பயிற்சியளித்த பாதிரியார் நியூட்டன் அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

காட்டுக் கூடுகளைக் காப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1991, 1992ஆம் ஆண்டுகளில் 'தாய் சாக்புரூட்' என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவி, அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் ஊதி இறந்தன. மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்பையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வெற்றுப் பெட்டிகளுடன் நின்றன. அந்நோய்க்கு மருந்து இல்லை. நோய்க்குத் தாக்குப்பிடித்து எஞ்சிய கூட்டங்களிலிருந்தே மீண்டும் பெருக்க வேண்டியிருந்தது. அத்தகைய கூட்டம் எந்தப் பொந்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே யாரால் சொல்ல இயலும்? பட்டுப்போன மரம் என்று எண்ணிப் பொந்துள்ள பழைய மரங்களை எல்லாம் ஏலம்விடும் ஊராட்சிகள் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தீப்பந்தத்தினால் இறப்பதைவிட வயலில் மருந்தினால் இறக்கும் தேனீக்கள் மிகுதி. அவற்றை எவரும் காண்பதில்லை என்பதே வேறுபாடு. நம் வட்டாரத்தில் பரங்கி பயிரிடும் உழவர் ஒருவர், பிஞ்சுகள் சூம்பி உதிர்கின்றன என்று முறையிட்டார். உரம் போதவில்லை என்பது அவர் கருத்து. பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தம் கனமும் பிசுபிசுப்பும் உடையதாகையால் காற்றில் பறவாது. பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். தேனீ வந்து சேர வேண்டிய அந்தச் சில மணி நேரத்திலேயே அவர் நாள் தவறாமல் மருந்து தெளித்துவந்தார்! ஐயமுடையோர், மறுநாள் மலரவிருக்கும் பெண்பூ ஒன்றை மாலையில் மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டிப் பார்க்கலாம். அது காய்க்காது. சூரியகாந்தியிலும் பாகற்கொடியிலும் பீர்க்கிலும் தேனீயின் பணி இத்தகையதே.

பூக்கும் பருவத்தில் தெளிப்பதைத் தவிர்ப்பதும், தவிர்க்க முடியாதபோது கதிரவன் மறைந்தபின் தெளிப்பதும் நன்று என்று எல்லாரும் கூறுகின்றனர். மாலைக்குமேல் தெளிப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை என்று உழவர் சொல்வதும் உண்மையே. தெளிப்புக் கருவிகளை வாடகைக்கு விடும் சங்கங்கள் மாலை முறைக்கென ஆட்களை ஏற்பாடு செய்தாலன்றி இந்த அறிவுரை ஏட்டளவிலேயே நிற்கும் என்பது நம் கருத்து. மேலும், இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்ற மருந்துகள் செடியின் உள்ளே ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் கலப்பவை. இவற்றுக்கு மாலைத் தெளிப்பு முழுக் காப்பன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் இவ்விரண்டுடன் குளோதியானிடினையும் திறந்த வயல்களில் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. கடைக்காரர் தரும் மருந்தை அப்படியே வாங்காமல், வேளாண்மை விரிவாக்க அலுவலரிடம் பெயரைக் காட்டிக் கேட்டபின் வாங்குவது உழவருக்கு நலம்.

சிறிய செய்தி ஒன்று: தேநீர்க் கடைகளில் வீசப்படும் காகிதக் குவளைகளின் அடியில் தங்கும் இனிப்பைத் தேடிவந்து தேனீக்கள் ஆயிரக்கணக்கில் மடிகின்றன என்பதைத் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூடியுள்ள குப்பைத் தொட்டி வைக்கும்படி கடைகளுக்கு அறிவிக்க ஊராட்சிக்குப் பெருஞ்செலவு ஆகாது.

கூட்டை வேறிடத்துக்கு மாற்றவும் பெட்டியில் வளர்க்கவும் கற்க விரும்புவோர், கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையையும், கதர் கிராமத் தொழில் ஆணையத்தையும் அணுகலாம். ஊராட்சிக்கு ஓர் இளைஞராவது இதனைக் கற்றிருந்தால், மூங்கிற் கழியைத் தேட வேண்டியிராது.

முதலில் கூறிய சிற்றூரின் தொட்டிக்கு மலைத்தேனீ மறு ஆண்டும் மாசியில் வந்தது. இம்முறை மன்றம் வேறுவகையாகத் தீர்மானித்தது. ஏணி அடைக்கப்பட்டது, ஏரிக்கரைக்குச் செல்லும் பெண்களுக்கு வேறு வழி காட்டப்பட்டது, குளோரின் கீழேயே கலக்கப்பட்டது. வைகாசி இறுதியில் ஒருநாள் காலை தொட்டியின் அடியில் வெறும் அடை மட்டும் தொங்குவதைத் தொட்டி இயக்குபவர் கண்டு, முதலில் அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று சொல்லியிருக்கிறார்; பிறகே நமக்குத் தெரிவித்தார். மெழுகைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கம்பி வலைக்கான மதிப்பீடு மட்டும் இன்னும் நம் மேசைமீது இருக்கிறது.